மலை ரோட்டில் இரவு சைக்கிள்: டைனமோ லைட்டா, பற்றரி லைட்டா?

சைக்கிளில் வேலைக்குப் போகிறேன் என்று இலங்கை மலையகத்தில் யாரிடம் சொன்னாலும் முதலில் கேட்பது, "அந்த ஏத்தத்துல எப்படிப்பா மிதிக்கிற?" என்றுதான். ஏற்றத்தில் முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆபத்து இருப்பது இறக்கத்தில். இருட்டு, மழை, பனிமூட்டம், முடக்கில் எதிரே வரும் பஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும் இடம் அது. லைட் வாங்கும்போது அந்த இறக்கத்தை மனதில் வைத்து வாங்க வேண்டும்.

2022இல் பெற்றோல் வரிசை நீண்ட காலத்தில் மூலையில் கிடந்த சைக்கிள்களைப் பலர் வெளியே எடுத்தார்கள். அவர்களில் கொஞ்சப்பேர் இன்றும் விடவில்லை. பெக்டரி இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள், ஹட்டன், பண்டாரவளை மாதிரியான டவுன்களில் கடைகளில் நிற்கும் பிள்ளைகள், விடியற்காலையில் பால் கொண்டுபோகிறவர்கள் ஆகியோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குக் கழற்றி மாற்றக்கூடிய பற்றரி உள்ள லைட் போதும். தினமும் இருட்டில் நீண்ட தூரம் போய் வருகிறவருக்கு, சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் டைனமோதான் சிறந்தது. டயரில் உரசி ஓடும் பழைய போத்தல் டைனமோவை மழை ஊர்களில் நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். காரணங்கள் கீழே வருகின்றன. உங்கள் ரோடு வேறு மாதிரி என்றால் முடிவும் மாறலாம்.

முதல் படி: ரோட்டைக் கணக்கெடுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு நாள் நீங்கள் வழக்கமாகப் போகும் வழியை லைட் வாங்கப்போகிறவரின் கண்ணோடு பாருங்கள். இருட்டில் எத்தனை நிமிடம் ஓடுகிறீர்கள்? இருட்டும் இறக்கமும் சேர்ந்து வருவது காலையிலா மாலையிலா? தெருவிளக்கு எங்கே முடிகிறது? வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் போட ஒரு பிளக் கிடைக்குமா? இரவில் சைக்கிள் வீட்டுக்குள் நிற்குமா, லயத்து வரிசை வீட்டுக்கு வெளியே நிற்குமா?

நமது தீவு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் மறையும் நேரம் வருடம் முழுக்க மாலை 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான். நீண்ட கோடை மாலை என்ற ஒன்று நமக்குக் கிடையாது. பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு மலை மறைத்து அதற்கும் முன்பே இருட்டிவிடும். ஆறு மணிக்கு வேலை முடிகிறவருக்கு பன்னிரண்டு மாதமும் லைட் வேண்டும். சும்மா ஒன்று இருக்கட்டும் என்று வாங்கினால் ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது.

அடுத்தது வேகம். ஈர ரோடு, சாதாரண ரிம் பிரேக், நூற்றுக்கு 7 சரிவுள்ள (100 மீட்டர் போனால் 7 மீட்டர் இறங்கும்) இறக்கம், ஆபத்தைப் பார்த்து பிரேக் பிடிக்க ஒரு விநாடிக்குச் சற்று மேல் என்று வைத்து நான் போட்ட கணக்கு இது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நிற்க சுமார் 15 மீட்டர் வேண்டும். 30 கி.மீ. வேகத்தில் சுமார் 30 மீட்டர். 40 கி.மீ. என்றால் 48 மீட்டர் வரை போகும். சமதரையில் இதைவிடக் குறைவு. இறக்கத்தில் பிரேக்கின் பலத்தில் ஒரு பங்கை சரிவே தின்றுவிடுகிறது. உங்கள் லைட் 20 மீட்டர் மட்டும்தான் தெளிவாகக் காட்டும் என்றால் 30 கி.மீ. வேகத்தில் இறங்க உங்களுக்கு வழியில்லை. கல், குழி, காட்டுப்பன்றி, மழையில் சரிந்து கிடக்கும் மண் எதுவானாலும் பார்த்த பிறகு நிற்க இடம் இருக்காது.

இந்த மீட்டர் கணக்குதான் வாங்கும்போது உதவும். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் லூமன் உதவாது. எல்லாத் திசையிலும் போகும் மொத்த வெளிச்சத்தை லூமன் சொல்லும். அதில் பாதி மரக்கொப்புக்குப் போனால் உங்களுக்கு என்ன பயன்? ரோட்டில் விழும் வெளிச்சத்தைச் சொல்வது லக்ஸ். மேல் விளிம்பு நேராக வெட்டப்பட்ட ஒளிக்கற்றை உள்ள லைட் கிடைத்தால் அதையே எடுங்கள். எதிரே வரும் ஓட்டோக்காரரின் கண் கூசாது, மேலே வீணாகும் வெளிச்சமும் ரோட்டுக்கு வரும்.

இரண்டாம் படி: டைனமோவைப் புரிந்துகொள்ளுங்கள்

1990களில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். பெற்றோலும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம். டைனமோவின் பலம் அதுதான். ஆனால் அது தட்டையான ஊர். சரிவும் மழையும் வந்தால் டைனமோவின் குணம் மாறுகிறது.

சைக்கிள் டைனமோக்களின் பொதுவான அளவு 6 வோல்ட், 3 வாட். மணிக்கு 15 கி.மீ. வேகம் வந்தால் அது கிடைக்கும். பழைய மின்குமிழ் முறையில் முன் லைட்டுக்கு 2.4 வாட், பின் லைட்டுக்கு 0.6 வாட். இப்போதைய எல்.ஈ.டி. லைட் அதே 3 வாட்டில் அந்தக் குமிழைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும். டைனமோ என்றதும் தாத்தா காலத்து மஞ்சள் மினுக்கம் ஞாபகம் வந்தால், அதில் பெரும்பங்கு குமிழின் குறை.

போத்தல் டைனமோவில் ஒரு சின்ன உருளை டயரின் பக்கத்தில் அழுந்திச் சுற்றும். டயர் நனைந்தால் வழுக்கும், உருளை சுற்றாது, லைட் அணையும். லைட் மிக அவசியப்படும் மழை இறக்கத்தில்தான் இது நடக்கும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஊவாப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை. ஆண்டின் நடுப்பகுதியில் பண்டாரவளை, பதுளை பக்கம் காய்ந்து கிடக்கும்போது போத்தல் டைனமோ ஒழுங்காக ஓடும். மேற்குச் சரிவில் அதை நம்ப முடியாது. முள் முள்ளாக இருக்கும் மவுண்டன் சைக்கிள் டயரில் உருளைக்குச் சமமான இடமும் இல்லை. சத்தமும் வரும், டயரும் தேயும்.

ஏற்கெனவே உங்களிடம் அது இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். டைனமோவின் அச்சை நீட்டிக் கோடு போட்டால் அது சக்கரத்தின் நடு அச்சில் போய் முட்ட வேண்டும். கோணம் தவறினால் பாதிப் பலம் உரசலில் போகும். உருளைக்கு ரப்பர் தொப்பி போட்டால் ஈரத்தில் கொஞ்சம் பிடிக்கும். ஒரே வயர் போட்டு மறு இணைப்புக்கு சைக்கிள் சட்டத்தையே நம்பியிருப்பார்கள். பெயின்டும் துருவும் அங்கே குறுக்கே நிற்கும். இரண்டாவது வயர் ஒன்று இழுத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் மாட்டியிருந்தால் பிடியின் ஆணியை அடிக்கடி இறுக்க வேண்டும். தளர்ந்து ஸ்போக்குக்குள் விழுந்தால் முன் சக்கரம் அப்படியே நின்றுவிடும், நீங்கள் ஹேண்டிலுக்கு மேலால் போவீர்கள். பின் சக்கரத்தில் மாட்டுவது பாதுகாப்பு.

ஹப் டைனமோ வேறு சாதி. சக்கரத்தின் நடுவில் மூடிய உருளைக்குள் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். மழை, சேறு எதுவும் அதைத் தொடாது. வழுக்க எதுவுமில்லை. ஷிமானோ, ஜெர்மன் எஸ்.ஓ.என். போன்றவை பெயர் பெற்றவை.

"மிதிக்க இறுக்கமாக இருக்குமே" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, நூற்றுக்கு 6 ஏற்றம், மணிக்கு 8 கி.மீ. வேகம். மேலே ஏறவே ஏறக்குறைய 120 வாட் போகிறது. லைட் எரியும்போது நல்ல ஹப் டைனமோ எடுப்பது அந்த வேகத்தில் 4, 5 வாட். அணைத்திருந்தால் ஒரு வாட் அளவு. லைட் எரியும்போது பையில் மூன்று, நாலு கிலோ கூடுதலாகச் சுமப்பது போலத்தான் இருக்கும். போத்தல் டைனமோ இதைவிட நிறையத் தின்னும், அதை மறுக்க முடியாது.

இறக்கத்தில் இந்தக் கேள்வியே இல்லை. அதே 90 கிலோ நூற்றுக்கு 7 சரிவில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் இறங்க, பிரேக் இருநூறு வாட்டுக்கு மேல் சூடாக வீணாக்க வேண்டியிருக்கிறது. அதில் ஆறேழு வாட்டை டைனமோ எடுத்து வெளிச்சமாக்கினால் உங்களுக்குச் செலவு ஒன்றுமில்லை. வேகம் கூடக்கூட வெளிச்சமும் நிலையாகிறது. மலை ஊருக்கு ஹப் டைனமோ இவ்வளவு பொருந்தும் என்று பலர் யோசிப்பதில்லை.

குறை இருப்பது ஏற்றத்தில். 8 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஒரு சுற்றுதான் சுற்றும். வெளிச்சம் குறைந்து துடிக்கும். அந்த வேகத்தில் தூரப் பார்வை தேவையில்லை, அதனால் தாங்கலாம். ஆனால் மூச்சு வாங்க நின்றால் லைட் அணையும், பின்னால் லொறி வரும். ஆகவே உள்ளே கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் இருந்து, நின்ற பிறகும் சில நிமிடம் மங்கலாக எரியும் வகை லைட்டையே வாங்குங்கள். முன்னும் பின்னும் இரண்டுமே அப்படி இருக்க வேண்டும்.

எங்கே கிடைக்கும் என்பதுதான் கஷ்டம். சாதாரண சைக்கிள் கடையில் ஹப் டைனமோ தொங்காது. ஆனால் பாவித்த ஜப்பான் சைக்கிள்கள் நாட்டுக்குள் வருகின்றன. கூடை வைத்த அந்த வகை சைக்கிள்களில் பலவற்றுக்கு முன் சக்கரத்தில் ஹப் டைனமோ உண்டு. நடுப்பகுதி தடித்திருக்கும், ஒரு பக்கம் வயர் மாட்டும் சின்ன முனை இருக்கும், கையால் மெதுவாகச் சுற்றினால் விரலுக்குத் துடிப்பு தெரியும். அப்படி ஒரு சக்கரம் தனியாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். வாங்குமுன் டயரில் அச்சடித்த அளவைப் பாருங்கள். 26 என்று போட்டதெல்லாம் ஒன்றல்ல: மவுண்டன் சைக்கிளின் 26 என்பது 559 மில்லிமீட்டர் ரிம், 26 × 1⅜ என்பது 590. மாற்றிப் போட்டால் பிரேக் கட்டை ரிம்மில் படும் இடம் 15 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும், பிரேக் பிடிக்காது. டைனமோவை மட்டும் கழற்றி உங்கள் ரிம்மில் கட்டுவதானால் ஸ்போக் ஓட்டைகளை எண்ணுங்கள். பழைய பெரிய சைக்கிள்களில் முன் சக்கரத்துக்குப் பெரும்பாலும் 32, பின் சக்கரத்துக்கு 40. ஓட்டை எண்ணிக்கை பொருந்தாவிட்டால் கட்ட முடியாது.

ஒரு எச்சரிக்கை. டைனமோ தருவது ஆடலோட்ட (ஏ.சி.) மின்சாரம். பற்றரி லைட்டைக் கழற்றி நேரே அதில் மாட்டாதீர்கள், எரிந்துபோகும். பழைய குமிழ் வைத்திருந்தால், பின் குமிழ் போனதும் முழுக் கரண்ட்டும் முன் குமிழுக்கு வரும். வேகமான இறக்கத்தில் அதுவும் போகும். டைனமோவுக்கென்றே செய்த எல்.ஈ.டி. லைட்டில் இதற்குத் தடுப்பு உள்ளேயே இருக்கும்.

மூன்றாம் படி: பற்றரி லைட்டைச் சோதியுங்கள்

பற்றரி லைட் வாங்குவது சுலபம், ஏமாறுவதும் சுலபம். 18650 என்ற உருளை லித்தியம் பற்றரியில் 9900 மில்லியம்பியர் மணி என்று அச்சடித்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அளவு உருளைக்குள் நல்ல கம்பனிகளாலேயே 3500 பக்கம்தான் அடைக்க முடிகிறது. பெரிய எண் போட்ட பற்றரிக்குள் பெரும்பாலும் சின்னக் கொள்ளளவே இருக்கும்.

கணக்கு இப்படி: 3500 மில்லியம்பியர் மணி, 3.7 வோல்ட், பெருக்கினால் ஏறக்குறைய 13 வாட் மணி. 6 வாட் எடுக்கும் லைட் இரண்டு மணி நேரம், 3 வாட் என்றால் நான்கு மணி நேரம். பெட்டியில் "1000 லூமன், 10 மணி நேரம்" என்று ஒரே வரியில் போட்டிருந்தால், அந்தப் பத்து மணி நேரம் மிக மங்கலான நிலையில் கிடைப்பது.

வாங்கியதும் வீட்டில் சோதியுங்கள். முழுக்கச் சார்ஜ் போட்டு, நீங்கள் இறக்கத்தில் பாவிக்கும் வெளிச்ச நிலையில் காற்றுப்படும் இடத்தில் எரியவிட்டு, எப்போது மங்குகிறது என்று நேரம் பாருங்கள். உங்கள் ஒரு நாள் இருட்டு நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது தாக்குப்பிடிக்க வேண்டும். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் குளிர் 10 பாகைக்குக் கீழே போகும். அப்போது பற்றரி கொஞ்சம் முன்னதாகவே களைக்கும். வருடங்கள் போகப்போக இன்னும் குறையும். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இரண்டு மடங்கு.

கழற்றி மாற்றும் பற்றரியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கரண்ட். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கவே இருண்டது. மலையில் மரம் விழுந்தால், மண் சரிந்தால் நம் பக்கம் தனியாகவும் போகும். சார்ஜ் போட்ட இன்னொரு பற்றரி பையில் இருந்தால் அந்த நாளையும் கடத்தலாம். உள்ளேயே பூட்டிய பற்றரி என்றால் பவர் பேங்க் ஒன்றாவது வேண்டும். லயத்து வீட்டில் ஒரு பிளக்குக்கு நாலு போன் காத்திருக்கும். முடிந்தால் வேலை செய்யும் இடத்தில் பகலிலேயே சார்ஜ் போடும் பழக்கத்துக்கு வந்துவிடுங்கள்.

மழை தாங்குமா என்பதற்கு ஐ.பி.எக்ஸ். எண்ணைப் பாருங்கள். 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். தலவாக்கலை மழைக்கு 6 இருந்தால் நிம்மதி. சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடி பிய்ந்துபோனால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. நனைந்த லைட்டைத் துடைத்துக் காயவைத்த பிறகே சார்ஜ் போட வேண்டும். அடுப்புக்கு மேலே ஈரச் சட்டையோடு லைட்டையும் வைத்துக் காயப்போடாதீர்கள். லித்தியம் பற்றரி சூட்டில் வீங்கும், தீயும் பிடிக்கும்.

ஏ.ஏ. பற்றரி போடும் லைட்டுகளும் உண்டு. எந்தப் பெட்டிக் கடையிலும் பற்றரி கிடைக்கும் என்பது நல்லதுதான். ஆனால் தோட்டத்துக் கல் ரோட்டில் சுருள் கம்பித் தொடுப்பு துள்ளி, லைட் விட்டுவிட்டு எரியும். இறக்கத்துக்கு வேண்டாம், மாற்று லைட்டாக வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: எது எப்படிக் கைவிடும் என்று பார்த்து முடிவெடுங்கள்

வெளிச்சத்தில் இன்று இரண்டும் பெரிய வித்தியாசமில்லை. கைவிடும் விதம்தான் வேறு. போத்தல் டைனமோ மழையில் திடீரென்று விடும். ஹப் டைனமோவில் வயர் இணைப்பு கழன்றால் போகும். ஆனால் சார்ஜ் போட மறந்ததால் ஒருநாளும் போகாது. பற்றரி லைட் மறதியால் போகும். நல்லதாக இருந்தால் மங்கி, நிறம் காட்டி எச்சரிக்கும், மட்டமானது சொல்லாமல் அணையும்.

இப்போது உங்கள் ரோட்டை இதில் வைத்துப் பாருங்கள். கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்குப் போய் வருகிற மாதிரி அரை மணி நேர ஓட்டம், கடையில் பிளக் உண்டு என்றால் பற்றரி லைட். ஹப் டைனமோவுக்குச் சக்கரம் கட்டும் செலவு உங்களுக்குத் திரும்பி வராது. அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் காலையும் மாலையும் இருட்டில் ஓடுகிறவருக்கு, அல்லது நுவரெலியாவிலிருந்து நானுஓயாவுக்கு இரவில் இறங்கி விடியுமுன் ஏறுகிறவருக்கு ஹப் டைனமோ. ஒரே சைக்கிளை வீட்டில் மூன்று பேர் மாறி மாறி எடுத்தாலும் ஹப் டைனமோதான். யார் சார்ஜ் போடவில்லை என்ற சண்டை இல்லை. சைக்கிள் இரவில் வெளியே நின்றால் கழற்றி உள்ளே கொண்டுபோகும் பற்றரி லைட் நல்லது. கம்பியோடு மாட்டிய டைனமோ லைட்டை யாராவது கழற்றிக்கொண்டு போனால் மறுபடி வாங்குவது லேசில்லை. ஏறும் வழி முழுக்க இருட்டு, இறங்குவது பகலில் என்றால் டைனமோவுக்கு வேலையே இல்லை.

எதை எடுத்தாலும் இரண்டாவதாக ஒரு சின்ன பற்றரி டோர்ச் பையில் இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஐந்தாம் படி: பூட்டி, குறி வையுங்கள்

ஹேண்டிலில் மாட்டுவதுதான் வழக்கம். மலையில் அது அவ்வளவு நல்ல இடமில்லை. ரெயின்கோட் முன்னால் தொங்கி லைட்டை மூடும், கூடையில் சாமான் வைத்தால் மறைக்கும். அதைவிட முக்கியம் பனிமூட்டம். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் லைட்டின் வெளிச்சம் நீர்த்துளியில் பட்டு நேரே கண்ணுக்குத் திரும்பும், முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பினது போலிருக்கும். போர்க்கின் தலைப்பகுதியில், சக்கரத்துக்குச் சற்று மேலே மாட்டினால் திரும்பும் வெளிச்சம் குறையும், ரோட்டின் குழிகளும் நிழலோடு தெரியும். மூட்டத்தில் வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். மஞ்சள் லைட் மூட்டத்தைத் துளைக்கும் என்று சொல்வார்கள். மூட்டத்தின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, நிறம் எதுவானாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் சிதறும்.

குறி வைக்கும் முறை: சமதரையில் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள், நீங்கள் ஏறி உட்கார்ந்தபடி. லைட் தரையிலிருந்து 80 சென்ரிமீட்டர் உயரம் என்றால், சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல் விளிம்பு லைட்டின் உயரத்துக்கு 13 சென்ரிமீட்டர் கீழே இருக்க வேண்டும். அப்படி வைத்தால் கற்றை 30 மீட்டரில் ரோட்டைத் தொடும்; மேலே 30 கி.மீ. வேகத்துக்குப் போட்ட கணக்குக்கு இது சரியாக இருக்கும். அதைவிட வேகமாக இறங்க நினைத்து லைட்டை உயர்த்தினால் எதிரே வருபவருக்குக் கண் தெரியாது. முடக்கில் அவர் உங்கள் பக்கம் வருவார்.

கொண்டை ஊசி முடக்கில் எந்த லைட்டும் உதவாது, அது நேரேதான் பார்க்கும், நீங்கள் திரும்ப வேண்டியது பக்கத்தில். தலையில் கட்டும் சின்ன டோர்ச் அங்கே கைகொடுக்கும். மங்கலான நிலையில் வையுங்கள், எதிரே வாகனம் வந்தால் தலையைக் குனியுங்கள்.

பின் லைட் பற்றி நீட்ட ஒன்றுமில்லை: சிவப்பு, எப்போதும் எரிவது, மட்காட்டில் உயரமாக, பைக்கும் ரெயின்கோட்டுக்கும் மறையாமல். கூடவே சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று. அதற்கு சார்ஜும் வேண்டாம், வயரும் வேண்டாம்.

கடைசியாக, புது லைட்டோடு முதல் இறக்கத்தை மழையில்லாத ஓர் இரவில், தெரிந்த ரோட்டில், பாதி வேகத்தில் இறங்கிப் பாருங்கள். கல் ரோட்டில் லைட் கீழே சாய்கிறதா, வயர் ஹேண்டிலைத் திருப்பும்போது இழுபடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிடி வழுக்கினால் பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்து இறுக்குங்கள். டைனமோ வயரை பிரேக் கேபிளோடு சேர்த்துக் கட்டி, ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுக்கத் திரும்பும் அளவுக்குத் தளர்வு விடுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை இணைப்பு முனைகளைத் துடைத்து கொஞ்சம் கிரீஸ் பூசினால் மழைக்காலத்தையும் தாண்டும்.